அயிரையின் வயிறு

மேலூர்ப் பக்கம், அம்மா பிறந்த ஊரில், பங்குனிக் கடைசியில் கண்மாய் அழித்தார்கள். பேப்பரில் இதை மீன்பிடித் திருவிழா என்று போடுவார்கள். ஊருக்குள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'கம்மா அழியுது' என்பார்கள், அவ்வளவுதான். முந்தின வாரமே மாமா போன் போட்டுச் சொல்லிவிட்டார். மூன்று வருஷமாகப் போக முடியாமல் இருந்தது. இந்தமுறை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஊத்தாவைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த கூடை. கீழ்வாய் அகலமாக இருக்கும், மேல்வாய் கை நுழையும் அளவுக்கு இருக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே சேற்றில் குத்திக்கொண்டு போகவேண்டும். உள்ளே மீன் அகப்பட்டால் கூடையின் பக்கத்தில் முட்டும். பிடித்திருக்கும் கைக்கு அது தெரிந்துவிடும். அப்புறம் மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிக்க வேண்டியதுதான். விடிவதற்குள் கரை நிறைய ஆள் வந்துவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து டாடா ஏஸில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சாமி கும்பிட்டு முடித்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசினார். எல்லாரும் ஒரே ஓட்டமாக இறங்கினோம்.

எனக்கு நாலாவது குத்தில் ஏதோ முட்டியது. கையை விட்டேன். வழவழவென்று, குளிர்ச்சியாக, நீளமாக ஏதோ விரலில் பட்டது. விரால் என்று நினைத்து இறுக்கிப் பிடித்து வெளியே எடுத்தேன். வந்தது பாலித்தீன் கவர். பாசி படிந்து பச்சையும் கறுப்புமாக, உள்ளே ஒரு கைப்பிடி சேற்றோடு இருந்தது. நாற்பது வருஷமாக மீனைத் தொட்டுப் பழகிய கை இது. அந்தப் பாசிக்கும் விரால் தோலுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியவில்லை.

வெயில் ஏறுவதற்குள் எனக்குக் கிடைத்தது இரண்டு ஜிலேபி மீனும் ஒரு கெளுத்தியும். கவர் எத்தனை என்று கரையில் உட்கார்ந்திருந்த மகள்தான் எண்ணினாள். பதினொன்று. நான் எடுத்து எறிந்ததை எல்லாம் அவள் ஒரு குச்சியால் இழுத்துக் குவித்து வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எம்புட்டுப் பெரிய மீனு பிடிச்சிருக்காரு ஒங்கப்பா" என்றார். அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. அவர் ஊத்தாவிலும் அதுவே வந்துகொண்டிருந்தது.

மாமாதான் அந்தக் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி. தாத்தாவுக்கு அப்புறம் அவர். மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், கண்மாய் நிறைந்து வழிகிற கலுங்கில் தண்ணீர் போனால் யாருக்குச் சொல்லி அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்தால் கள்ளந்திரி தாண்டி எங்கள் பக்கம் வந்து சேரும். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு மறுகால் போனால் அடுத்த கண்மாய்க்கு அதுதான் வரத்து. சங்கிலி மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்திருக்கிறது. மேலே இருக்கிற ஊரில் விழுந்தது கீழே இருக்கிற ஊருக்கு வந்துதான் ஆகவேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெல் பால் பிடிக்கிற சமயம். மடையைத் திறந்தும் தண்ணீர் சுண்டுவிரல் பருமனுக்குத்தான் வந்திருக்கிறது. கண்மாயில் தண்ணீர் இருக்கிறது, வயல் காய்கிறது. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்வாயில் முங்கி, மடைத் துவாரத்தில் தோள்வரைக்கும் கையை விட்டிருக்கிறார். இழுக்க இழுக்கக் கயிறு மாதிரி வந்ததாம். பால் கவர், சிமெண்டுச் சாக்கு, கிழிந்த நைலான் சேலை, மாலை கட்டிய பிளாஸ்டிக் நார் எல்லாம் தண்ணீரின் இழுப்பில் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு ஒரே வடமாக இருந்ததாம். அதைச் சொல்லும்போது மாமா என்னிடம் சொன்னது இது: "மடையில மரக்கொப்பு அடைக்கும், ஆகாயத்தாமரை அடைக்கும். நாலு நாள் போனா அழுகி, தண்ணியே தள்ளிட்டுப் போயிரும் மாப்ள. இது அழுகவும் மாட்டேங்குது, நகரவும் மாட்டேங்குது."

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். மக்கும், மக்காது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு எழுதுகிறேன். மடைக்குள் கையை விட்ட ஒருவர் சொல்லிக் கேட்டபோதுதான் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு கண்மாயே இருக்கிறது என்று புரிந்தது. கண்மாய்க்குள் விழுந்தது எல்லாம் முன்பு ஏதோ ஒரு விதத்தில் திரும்பி வந்தது. இலை, சாணி, செத்த மீன், நத்தை ஓடு எல்லாம் வண்டலாகும். கோடையில் அந்த வண்டலையும் கரம்பையையும் வண்டி வண்டியாக அள்ளி வயலில் அடிப்பார்கள். அந்த வருஷம் உரச் செலவு பாதி மிச்சம். இன்றைக்கும் விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. ஆனால் எடுக்க ஆள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று மாமா சொல்கிறார். போன தடவை வண்டல் அடித்த ஒரு வயலில் உழும்போது டிராக்டர் கொழுவில் கவர் கவராகச் சுற்றியிருக்கிறது. அந்த மண்ணைச் சலித்து அடிக்க யாருக்கு முடியும்?

குப்பை என்றாலே தண்ணீரில் மிதப்பதைத்தான் நினைக்கிறோம். படம் எடுப்பதும் அதைத்தான், அள்ளுவதும் அதைத்தான். மிதப்பது கொஞ்ச நாளைக்குத்தான். கேரி பேக் செய்கிற பாலித்தீன் தண்ணீரைவிட லேசானது, அதனால் முதலில் மிதக்கும். அப்புறம் அதன்மேல் பாசி படியும், கிருமி படியும், நத்தை முட்டை வைக்கும், சேறு ஒட்டும். எடை கூடிக் கூடி ஒருநாள் அடிக்குப் போய்விடும். தண்ணீர் பாட்டில் செய்கிற 'பெட்' பிளாஸ்டிக்கும், பைப் செய்கிற பி.வி.சி.யும் தண்ணீரைவிட கனமானவை. பாட்டில் மூடியோடு இருந்தால் உள்ளே இருக்கிற காற்றால் மிதக்கும். மூடி போனால் நேராக அடிதான். ஆக எல்லாவற்றுக்கும் கடைசி இடம் தரைச்சேறு. அங்கே விரித்த பாய் மாதிரி அடுக்கடுக்காகக் கிடந்தால், தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதும் குறைகிறது, சேற்றுக்குள் காற்றுப் போவதும் குறைகிறது. கண்மாய் நிறைந்தால் ஊர்க் கிணறு ஊறும் என்பது அந்தத் தரை மூச்சுவிட்டால்தான் நடக்கும்.

இன்னொன்று, நம் பக்கத்துக் கண்மாய்க்கு என்றே உள்ள சங்கடம். வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற ஆழமான ஏரியில் அடியில் போய்ப் படிந்த கவர் இருட்டில், குளிர்ச்சியில் கிடக்கும். சீக்கிரம் சிதையாது. நம் கண்மாய் அப்படியா? பங்குனி சித்திரையில் வற்றிவிடும். புரட்டாசி வரைக்கும் கட்டாந்தரை. பிளாஸ்டிக்கை நொறுக்குவது முக்கியமாகச் சூரியனின் புற ஊதாக் கதிரும் காற்றும் சூடும். இந்த மூன்றும் மேலூர்க் கோடையில் எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வைகாசியில் கண்மாய்க்குள் நடந்து போய் ஒரு பழைய கவரைத் தொட்டுப் பாருங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கும். மேலே ஆடு நடக்கும், மாடு நடக்கும், டிராக்டர் போகும். அந்தத் தூள் போகிற இடத்தை ஒருநாள் குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். காய்ந்த களிமண் கட்டம் கட்டமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்புக்குள் விரலை விட்டால் இரண்டு கணு உள்ளே போகிறது. அதற்குள் நீலமும் வெள்ளையுமாகத் துணுக்குகள், கூடவே ஒரு ஷாம்பு பாக்கெட்டின் மூலை. அடுத்த மழையில் மண் ஊறி வெடிப்பு மூடிக்கொள்ளும். உள்ளே போனது உள்ளேயே இருக்கும். மேலே கிடந்த தூள் தண்ணீரோடு கலந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் காய்வதும் நனைவதுமாக, அரைத்து அரைத்துக் கலக்குகிற ஆட்டுரல் போல இருக்கிறது கண்மாய்.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துணுக்கை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். 2023-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 23 நாடுகளில் உள்ள 38 ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் ஒரே முறையில் தண்ணீர் அரித்து எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை, எல்லாவற்றிலும் இருந்தது. கிடைத்தவற்றில் பெரும்பங்கு நூலிழைகளும் உடைந்த துணுக்குகளும். நூலிழை எங்கிருந்து வருகிறது? நாம் போட்டிருக்கிற துணியிலிருந்து. இங்கிலாந்தில் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் 2016-இல் செய்த சோதனையில், 6 கிலோ அக்ரிலிக் துணியை மெஷினில் ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் கழன்று வரக்கூடும் என்று கணக்கிட்டார்கள். பாலியெஸ்டரில் அது கிட்டத்தட்ட 5 லட்சம். சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊர் நம்முடையது. பருத்தி நூல் கழன்றால் மக்கிப்போகும். இப்போது கொடியில் காய்வது பெரும்பாலும் பாலியெஸ்டர் நைட்டியும் டிராக் பேண்டும்தான்.

சரி, அயிரைக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதைத்தான்.

மதுரைக்காரர்களுக்கு அயிரை பற்றி விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: விரல் நீளம்கூட இல்லாத சின்ன மீன். வாயைச் சுற்றிக் குட்டி மீசை. கண்மாய், வாய்க்கால், ஆறு எல்லாவற்றிலும் தரையை ஒட்டித்தான் இருக்கும். பயந்தால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். மணலையும் சேற்றையும் வாயில் அள்ளி, தின்பதற்கு இருப்பதை உள்ளே வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியாகத் தள்ளிவிடும். அதுதான் அதன் பிழைப்பு. கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கிறது, அதுவும் கிடைத்தால்.

அயிரையை அரிய மாட்டார்கள். அவ்வளவு சின்ன மீனில் குடலை எடுக்க முடியாது. உயிரோடுதான் வாங்கவேண்டும். எங்கள் அம்மாச்சி அதைத் தண்ணீரில் போட்டுவைத்து, அப்புறம் கொஞ்சம் பாலை ஊற்றுவார். மீன் பாலைக் குடித்துவிட்டு வயிற்றில் இருக்கிற மண்ணைக் கக்கிவிடும் என்பார். அதற்குப் பிறகு மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி, நாலைந்து தண்ணீர் மாற்றி, அப்படியே முழுசாகக் குழம்பில். தலை, முள், குடல் எல்லாம் சேர்ந்துதான் அந்த ருசி. புளியை முன்தினமே ஊறப்போட்டு, குழம்பை வைத்திருந்து மறுநாள் இட்லிக்கு ஊற்றிச் சாப்பிட்டால்... அதை எழுதி உங்களைக் கஷ்டப்படுத்தவில்லை.

கண்மாய் அழிந்த அன்று மாமா வரத்துக் கால்வாய்ப் பக்கம் வலைபோட்டு அரைப்படி அயிரை பிடித்து, தூக்குவாளியில் தண்ணீரோடு எங்களிடம் கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு வந்து அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் சுத்தத் தண்ணீரில் விட்டு ராத்திரி முழுக்க வைத்தோம். காலையில் பாத்திரத்தின் அடியில் மண் படிந்திருந்தது. மகள்தான் முதலில் கேட்டாள்: "அப்பா, மண்ணுக்குள்ள என்ன நூலு?"

தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, துணியை வெயிலில் விரித்து, பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். பெரும்பாலும் மணல். கறுப்பாக மக்கிய இலைத்துணுக்கு. அதற்கு நடுவில் பச்சையாக ஓர் இழை, நகத்தின் வெள்ளைப் பகுதி அளவுக்கு நீளம். இன்னொன்று நீலம், அதைவிடச் சின்னது. பருத்தி நூலா பிளாஸ்டிக்கா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு, ஆய்வுக்கூடங்களிலும் செய்கிறார்கள்: ஊசியைப் பழுக்கக் காய்ச்சிப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் என்றால் உருகிச் சுருளும். மனைவியிடம் தையல் ஊசி வாங்கி, கேஸ் அடுப்பில் காட்டி, இழைக்குப் பக்கத்தில் வைத்தேன். பச்சை இழை உயிருள்ள புழு மாதிரி நெளிந்து சுருண்டு ஒரு புள்ளியாகிவிட்டது. நீல இழையும் அப்படியே. மகள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கக்காதது எவ்ளோ இருக்கும்?" என்று கேட்டாள்.

விராலையும் கட்லாவையும் அரியும்போது குடலை எடுத்து எறிந்துவிடுகிறோம். மீனில் நுண்பிளாஸ்டிக் அதிகம் இருப்பது குடலில்தான் என்பதால் அதில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் இதைச் சொல்லிவிட்டு, முழுசாகச் சாப்பிடுகிற சின்ன மீன்களையும் சிப்பிகளையும் தனியாகக் குறிப்பிடுகிறார்கள். அவர்கள் மனதில் இருந்தது கடல்மீன். என் மனதில் வந்தது அம்மாச்சியின் மண்சட்டி. தரைச்சேற்றில் மேய்கிற மீன், அதைக் குடலோடு சாப்பிடுகிற ஊர். பிளாஸ்டிக் கடைசியாகப் போய்ச் சேருகிற இடமும் அதே தரைச்சேறு. இந்த மூன்றையும் சேர்த்து யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

மீனுக்கு என்ன ஆகிறது என்றால், வயிற்றில் இடம் அடைபடுகிறது. பசி தெரியாமல் குறைவாகத் தின்கிறது, வளர்ச்சி குறைகிறது. ஆய்வுக்கூடத் தொட்டிகளில் பல மீன்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கை வளைய வைப்பதற்கும் நிறம் நிற்பதற்கும் சேர்க்கிற வேதிப்பொருள்கள் மெதுவாகக் கசிகின்றன. தண்ணீரில் கரையாத பூச்சிமருந்து போன்றவை பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிக்கொள்ளவும் செய்கின்றன. அயிரை குறைந்துபோனதற்குப் பிளாஸ்டிக்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மணலை அள்ளினோம், வயல் மருந்தை வாய்க்காலில் விட்டோம், ஜிலேபி வந்து எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற மீனின் மேல் இதுவும் ஒரு சுமை.

மீனோடு நிற்பதில்லை. 2018-இல் ரெடிங் பல்கலைக்கழகத்தில் கொசுப்புழுக்களுக்கு நுண்பிளாஸ்டிக் கலந்த தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். புழு கூடாகி, கூடு கொசுவாகிப் பறந்தபிறகும் அதன் உடம்புக்குள் பிளாஸ்டிக் இருந்தது. தண்ணீரில் விழுந்தது இறகு முளைத்து வெளியே வருகிறது என்றுதானே அர்த்தம்? அந்தக் கொசுவைத் தட்டான் தின்னும், தகைவிலான் குருவி தின்னும், வௌவால் தின்னும்.

பறவைகள் என்றதும் சாமநத்தம் கண்மாய்தான் ஞாபகம் வருகிறது. மதுரைக்குத் தென்கிழக்கே, பறவை பார்ப்பவர்கள் தேடிப் போகிற இடம். நாரை, நீர்க்காகம், தாழைக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் வரும். போன தை மாதம் அங்கே கரையில் நடந்தபோது ஒரு தங்கூசி வலைத்துண்டைப் பார்த்தேன். நைலான் நரம்பில் பின்னிய வலை, தண்ணீருக்குள் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. கிழிந்த துண்டை யாரோ வெட்டி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் ஒரு தண்ணீர்ப் பாம்பு கழுத்து இறுகிச் செத்துக் கிடந்தது. அதே வலையில் மூன்று குட்டி ஜிலேபியும் இருந்தன. அந்த மீனைத் தின்னத்தான் பாம்பு வந்திருக்க வேண்டும். ஆள் இல்லாமலே வலை வேட்டையாடிக்கொண்டிருந்தது. நம் கண்மாயில் இருக்கிற நாமக்கோழி ஐரோப்பாவிலும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் அதன் பழைய கூடு ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு 1994 உலகக் கோப்பைக் கால்பந்து விளம்பரம் போட்ட சாக்லேட் உறை கிடைத்திருக்கிறது. முப்பது வருஷம் ஆகியும் எழுத்தைப் படிக்க முடிந்ததாம்.

வைகைக்கு ஒரு பெருமை சொல்வார்கள், கடலில் போய்ச் சேராத ஆறு என்று. வருஷநாட்டு மலையில் பிறந்து, வழி நெடுகக் கண்மாய்களை நிரப்பிக்கொண்டே போய், ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடும். பெருவெள்ளம் வந்தால்தான் கடலைத் தொடும். ஒரு சொட்டும் வீணாகாமல் கண்மாய்க்குக் கண்மாய் திருப்பிவிட்ட நம் முன்னோர்களின் கெட்டிக்காரத்தனம் அது. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இப்போது நெஞ்சில் உறுத்துகிறது. மற்ற ஆறுகள் கொண்டுபோவதில் கொஞ்சமாவது கடலுக்குப் போகிறது. கடலுக்கு அது கேடு, வேறு விஷயம். வைகை கொண்டுபோவது எங்கே போகும்? விரகனூர் மதகணையில் இடதும் வலதுமாகக் கால்வாய் பிரிகிறது. திருப்புவனம், மானாமதுரை என்று கண்மாய் கண்மாயாகப் போய் உட்காருகிறது. மதுரைக்காரர் ஆற்றில் போட்ட கவர் சிவகங்கைக்காரர் மடையில் அடைக்கும். ராமநாதபுரத்துக்காரர் வயலில் வண்டலோடு போய்ச் சேரும்.

நகரத்துக்குள் கிருதுமால் நதியைப் பார்த்தவர்களுக்கு அது நதி என்று சொன்னால் நம்பிக்கை வராது. சாக்கடை என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். மச்ச அவதாரக் கதையில் ஒரு ராஜா ஆற்றில் நின்று தர்ப்பணம் செய்யும்போது கைநீரில் ஒரு சின்ன மீன் வரும். திரும்ப ஆற்றில் விடப்போனால், 'என்னை இங்கே விடாதே, எனக்கு இங்கே பயமாக இருக்கிறது' என்று கெஞ்சும். அந்த ஆறு இந்தக் கிருதுமால்தான் என்று மதுரையில் சொல்வார்கள். சின்ன வயதில் அம்மாச்சி சொன்ன கதை. அந்த மீன் எனக்கு எப்போதும் அயிரை அளவில்தான் மனதில் நிற்கிறது.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் காலையில் ஒருமுறை வைகையின் ஏ.வி. பாலத்துக்குக் கீழே இறங்கி நடந்திருக்கிறேன். முன்பெல்லாம் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் தோல்பையில் பீய்ச்சுவார்கள். இன்றைக்கும் விரதம் இருந்து அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பானகமும் நீர்மோரும் மண்பானையில் வைத்து லோட்டாவில் தருவார்கள். அன்று காலையில் காலுக்குக் கீழே கப்பும் தண்ணீர் பாக்கெட்டும் சரசரவென்று மிதிபட்டுக்கொண்டே இருந்தன. தூய்மைப் பணியாளர்கள் விடியற்காலையிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். நிறைய அள்ளினார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் ஈர மணலில் லட்சக்கணக்கான கால் மிதித்து உள்ளே போனதை எந்தக் கையால் அள்ளுவது?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக், பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட் உட்பட 14 வகைப் பொருள்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை. நான் மஞ்சப்பை கொண்டுபோகிறவன்தான், நல்ல திட்டம்தான். ஆனால் கண்மாயில் நாங்கள் பொறுக்கியதில் கைக்கு அதிகம் வந்தது பை இல்லை. ஷாம்பு, பாக்கு, ஊறுகாய், சிப்ஸ் என்று சின்னச் சின்னப் பாக்கெட்டுகள். அப்புறம் கரையில் உட்கார்ந்து குடித்தவர்கள் விட்டுப்போன கப். நீலகிரியில் 2022 முதல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிறார்கள். காட்டில் கண்ணாடி கிடப்பது குறைய அது ஒரு வழி. விலை இருக்கிற குப்பை தரையில் கிடக்காது. தண்ணீர் பாட்டிலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. ஒரு ரூபாய்ப் பாக்கெட்டுக்கு என்ன செய்வது? அதைச் செய்து விற்கிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பொறுக்குகிற எங்களால் சொல்ல முடியாது.

இந்த மதுரையிலிருந்துதான் பிளாஸ்டிக் ரோடும் வந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன், சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசி, அதோடு தாரைக் கலந்து சாலை போடலாம் என்று காட்டினார். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். யாரும் எடைக்கு எடுக்காத மெல்லிய கவருக்கும் ஒரு பயன் உண்டு என்று ஆயிற்று. அதற்கும் கவர் காய்ந்து, மண் இல்லாமல் இருக்கவேண்டும். கண்மாய்ச் சேற்றில் ஒரு வருஷம் ஊறியதைக் கழுவிக் காயவைத்துக் கொடுப்பது யாராலும் ஆகிற காரியம் இல்லை. அதாவது, தண்ணீரில் விழுவதற்கு முன்னால் பிடித்தால்தான் எதற்கும் உதவும்.

வைகாசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கண்மாய்க்குள் இறங்கினோம். மாமா, நான், மகள், ஊர்ப் பிள்ளைகள் என்று பதினாலு பேர். வற்றிக் கிடக்கும்போது, மழைக்கு முன்னால், நொறுங்குவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. முக்கியமாக மடை முகப்பிலும், வரத்துக் கால்வாய் வந்து சேருகிற இடத்திலும். பாதிக் குப்பை அந்த இரண்டு இடத்தில்தான் இருந்தது. வெடிப்புகளுக்குள் இருந்ததைக் குச்சியால் குத்தி எடுக்கப் பார்த்தோம், முடியவில்லை. இருபத்தாறு சாக்கு சேர்ந்தது. ஒரு பையன் இதை ஏன் தூக்கிக்கொண்டு போகவேண்டும், இங்கேயே கொளுத்திவிடலாம் என்றான். மாமா விடவில்லை. பி.வி.சி. எரிந்தால் டயாக்சின் என்ற நஞ்சு வரும், சாம்பலும் கண்மாய்க்குள்தானே கிடக்கும் என்று நான் விளக்கினேன். மாமா அதற்கு முன்பே, "பொணம் எரிக்கிற எடமாடா இது?" என்று கேட்டு முடித்துவிட்டார். சாக்குகளைத் தூய்மைக் காவலர் அம்மாவின் வண்டியில் நாலு நடையாக ஏற்றிவிட்டோம். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத யாராச்சும் எறங்கி எடுப்பாங்கன்னு நெனைக்கலய்யா" என்றார்.

அப்புறம் வரத்துக் கால்வாயில் பழைய மீன்வலையை இரண்டு மடிப்பாக மடித்து, சவுக்குக் கம்பு ஊன்றிக் குறுக்கே கட்டினோம். வாரத்துக்கு ஒருமுறை அதில் தங்குவதை எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் அதுவே அடைத்துக்கொண்டு தண்ணீரைத் தடுக்கும். அந்த வேலையை மாமா தன் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஆடியில் ஒரு சின்ன மழை பெய்து, கால்வாயில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியதற்கே வலையில் இரண்டு சாக்கு தங்கியதாம்.

நேற்று ராத்திரி மாமா போன் செய்தார். பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறக்கப் போகிறார்களாம். வேகத்துக்கு இந்தக் கட்டு தாங்காது, அவிழ்த்துப் புதுசாகக் கட்டவேண்டும், வரும்போது கயிறு வாங்கிவா என்றார். கீழமாசி வீதிப் பக்கம் போகிறேன், நைலான் கயிறு கெட்டியாக இருக்கும், வாங்கட்டுமா என்று கேட்டேன்.

"நைலான் வேணாம் மாப்ள. அத்துக்கிட்டுப் போனா அதுவும் மடைக்குத்தான் வரும். தேங்கா நாருக் கயிறு இருந்தா வாங்கு, இருவது பாகம். பிள்ளையையும் கூட்டிட்டு வா."